நான் முதலில் எடுத்துக்கொண்ட துண்டு

ஏழுமலை என்பவரின் மூளைக் கட்டியிலிருந்து நல்ல துண்டை நான் எடுத்துக்கொண்டேன். மிச்சத்தைத்தான் நோயைக் கண்டு சொல்லும் மருத்துவரிடம் கொடுத்தேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

புத்தாயிரம் பிறந்த புதிதில், பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக உழைத்துக்கொண்டிருந்தேன். கெமோகைன் ஏற்பிகள் என் பொருள். செல்லின் மேல் அமர்ந்து, வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கி, அதை நகரச் செய்யும் புரதங்கள் அவை. மூளைக் கட்டியில் அவை எவ்வளவு என்று பார்க்க, அறுத்தவுடன் உறைய வைத்த திசு வேண்டும். தாமதித்தால் கெட்டுவிடும்.

அறுத்தெடுத்த கட்டியோடு ஐஸ் பெட்டியில் வரும் பாட்டிலை நோயியல் மருத்துவர்தான் முதலில் திறக்க வேண்டும். அவர் எடுத்தது போக மிஞ்சியது எங்களுக்கு. அதுதான் அங்கே முறை. ஒரு வருடமாக மிஞ்சியதில் எனக்கு ஒன்றுமே தேறவில்லை.

அன்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஏழுமலையின் மனைவி செல்வி நின்றிருந்தார். பெங்களூரிலேயே ஜோகுபாளையத்துக்காரர்கள், கணவர் டூவீலர் மெக்கானிக். நான் தமிழில் பேசியதும் செல்வியின் முகம் தெளிந்தது. டெஸ்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று பாட்டிலைக் காட்டினேன். அவர் அதைக் கும்பிட்டார்!

நான் நேராக என் மேசைக்குப் போனேன். சிவந்திருந்த நடுப்பகுதியை வெட்டி உறைய வைத்தேன். வெளிறிய ஓரத்துத் துணுக்குகளை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இவ்வளவுதானாம்மா?" என்றார் மருத்துவர்.

"அவ்வளவுதான் சார்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல்!

தீவிரம் குறைந்த கட்டி என்று அறிக்கை வந்தது. கதிர்வீச்சு இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதம் கழித்து ஸ்கேன் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். செல்வி எனக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். தின்றேன்.

மூன்றாவது வாரம் என் துண்டைச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தேன். ஏற்பி இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். ஐயோ... பார்த்த இடமெல்லாம் பழுப்பு! நான் தேடித் தவித்தது அதுதான். குதித்திருக்க வேண்டும். ஆனால் கை அப்படியே நின்றுவிட்டது. நெருக்கியடித்துப் பெருகும் செல்கள், நடுவே செத்த திட்டுகள், புதிது புதிதாக ரத்தக் குழாய்கள்... எத்தனை ஸ்லைடு பார்த்தவள், எனக்குத் தெரியாதா? இது தீவிரம் குறைந்த கட்டியே இல்லை! இருப்பதிலேயே மோசமான வகை. அதைக் காட்டும் பகுதி முழுவதும் என்னிடம் இருந்தது.

நோயியல் துறை இரண்டு கதவு தள்ளித்தான் இருந்தது. போனேனா? இல்லை. உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். பட்டம் போய்விடும். ஸ்கேனில் எப்படியும் தெரிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவரை கட்டி காத்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும். நானெல்லாம் என்ன மனுஷி! அந்த ஸ்லைடைப் படமெடுத்து ஆய்வேட்டில் சேர்த்தேன். அருமையான படம் என்றார்கள்.

ஐந்தாம் மாதமே வலிப்போடு ஏழுமலையைத் தூக்கி வந்தார்கள். மறுபடி தலையைத் திறந்தார்கள். நான் பாட்டிலோடு வெளியே வந்தபோது, செல்வி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன தடவை நீங்க எடுத்துட்டுப் போனீங்க, நல்ல ரிப்போர்ட் வந்துச்சு மேடம். இந்தத் தடவையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க. உங்க கை ராசியான கை."

பாட்டிலைத் திறக்காமலே நோயியல் மருத்துவரிடம் வைத்தேன். அரைமணியில் பார்த்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"போன தடவை இப்படி இல்லையேம்மா. அதுக்குள்ள மாறிடுச்சா?"

"மாறிடுச்சு போல சார்" என்றேன்.

ஆமாம்... அப்போதும் நான் சொல்லவில்லை! ஏழுமலை அந்த வருடத் தீபாவளிக்கு இல்லை. செல்வி பிடித்துக்கொண்ட கை இதுதான். இதை எழுதிக்கொண்டிருப்பதும் இதே கைதான்.