பன்னிரண்டு போத்தலும் ஒரு சாம்பாரும்

மற்றவர்கள் குடிப்பதற்கு முன்னால் வாயில் ஊற்றிப் பார்த்துத் துப்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எங்கள் தெருவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ரயில்வேயில் மூட்டை தூக்கிய என் அப்பா இருந்திருந்தால், துப்புறதுக்கு எவன்டா காசு குடுக்கிறான் என்று கேட்டிருப்பார். ஆனால் விஷயம் அதுதான். யாங்கோனில் வெளிநாட்டு ஒயின் தருவித்து விற்கும் ஒரு சின்னக் கடையில் பல வருடங்களாக இருக்கிறேன். அதற்கு முன் ஓட்டலில் பரிமாறினேன். விருந்தாளிகள் மிச்சம் வைத்துப்போன போத்தல்களில் பழகிய நாக்கு இது.

கடைக்கு முதலாளி ஒரு பர்மியப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். நான் அவரை சயாமா என்று மரியாதையாகக் கூப்பிடுவேன். அவர் என்னை ஊலே என்பார், நம் ஊர்ப் பேச்சில் சித்தப்பா மாதிரி. நல்ல மனுஷி. ஒரே ஒரு குறை, யாரையும் குறை சொல்ல அவருக்கு வாய் வராது. பர்மிய மொழியில் ஆனாதெ என்று ஒரு சொல் உண்டு. எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடுமே என்று நமக்கு உண்டாகும் சங்கடம் அது. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கும் அது ரத்தத்தில் ஊறிவிட்டது. விருந்தில் சோறு அரைவேக்காடாக இருந்தாலும் இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருகிற ஜாதி நாங்கள்.

ஒயின் வேலையில் அது நடக்காது. மாதிரிக்கு வந்த போத்தலைப் பற்றி நான் எழுதும் குறிப்பைப் படித்துவிட்டு சயாமா நெளிவார். "கொஞ்சம் மெதுவாச் சொல்லலாமே ஊலே, பாவம்" என்பார். மெதுவாகச் சொன்னால் சொத்தைச் சரக்கெல்லாம் நம் அலமாரிக்கு வந்துவிடும் என்பேன். நாக்கு விஷயத்தில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது என்று நானே என்னை மெச்சிக்கொள்வேன். கடையில் இருக்கும் வரைக்கும் அது உண்மைதான்.

வீட்டில் கதை வேறு. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் சந்து முனையில் என் மனைவி காலை இட்லிக்கடை வைத்திருக்கிறாள். ஊரைச் சுற்றி இன்சீன் போகும் வட்ட ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் நின்றபடியே நாலு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். சாம்பாருக்காகவே வருகிற பர்மியர்களும் உண்டு. போன கோடையில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போயிற்று. போகும்போது வாசனையையும் ருசியையும் கூடவே கொண்டுபோய்விட்டது. சூடு தெரியும், குளிர் தெரியும், மிளகாய் எரிவது தெரியும். உப்பு, புளி, இனிப்பு எதுவும் தெரியாது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அவள் மறுபடியும் கடை போட்ட முதல் நாள், விடியற்காலையில் கரண்டியை என் முன்னால் நீட்டினாள். எனக்குத்தான் நாக்கைக் கொண்டு பிழைப்பு ஆயிற்றே. உப்பு கூட, காயமும் கூட என்றேன், போத்தலுக்குச் சொல்வது போலவே. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்று நாள் கடை திறக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. நாலாம் நாள் கரண்டி நீண்டபோது, சரியாக இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து தினமும் அதே பதில்தான்.

பொய் சொன்னால் போதுமா, சமாளிக்கவும் வேண்டும். அவள் இட்லித் தட்டைத் திருப்பும் நேரம் பார்த்து உப்பு அடங்கட்டும் என்று ஒரு செம்பு வெந்நீரைச் சாம்பாரில் ஊற்றிவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல நிற்பேன். சாம்பார் நீர்த்துப் போயிருப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பருப்பைக் கடைந்து ஊற்றி, அதற்குத் தக்க உப்பும் போடுவாள். இப்படி நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அந்தப் பானையைப் பாழாக்கிக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "யாபாதெ அக்கா, சாப்பிட்டாச்சு" என்று சிரித்தபடியே கடந்து போனார்கள். பரவாயில்லை, வேண்டாம் என்பதை அதைவிட இனிமையாகச் சொல்ல முடியாது. சிரித்தவர்கள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மொஹிங்காக் கடையில் மீன் குழம்பு நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். எங்கள் பானையில் தினமும் கால் பங்கு மிஞ்சியது.

இந்த நிலையில்தான், மழை நன்றாகப் பிடித்திருந்த ஒரு மாதத்தில், அமெரிக்காவிலிருந்து பெட்டி வந்தது. பன்னிரண்டு போத்தல், பன்னிரண்டு குடும்பங்கள். பெரிய கம்பெனி ஒன்றுகூட இல்லை. தாங்களே திராட்சை போட்டு, தாங்களே பறித்து, தாங்களே பிழிந்து, லேபிளையும் தாங்களே ஒட்டுகிறவர்கள். ஒரு லேபிள் கோணலாக ஒட்டியிருந்தது. ஒவ்வொரு போத்தலோடும் ஒரு துண்டுக் காகிதம். நாங்கள் இரண்டு பேர், ஒரு டிராக்டர், ஒரு கிழட்டு நாய் என்று ஒருவர் எழுதியிருந்தார். பன்னிரண்டில் இரண்டைத்தான் நாங்கள் வாங்க முடியும். பத்துப் பேருக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும், ஏன் வேண்டாம் என்றும் எழுத வேண்டும்.

எனக்கு இந்தச் சின்னப் பண்ணைக்காரர்களைப் பிடிக்கும். பெரிய கம்பெனி ஒயின் எந்த வருடம் குடித்தாலும் ஒரே மாதிரி இருக்கும். இவர்களுடையது அப்படி இல்லை. அந்த வருடம் மழை பிந்தியதா, வெயில் கொளுத்தியதா என்பதெல்லாம் வாயில் தெரியும். ஓரிகனிலிருந்து வந்த பினோ நுவா என்கிற சிவப்பு ஒயின் அவ்வளவு மெலிசு, கிளாஸுக்கு அந்தப் பக்கம் என் விரல் தெரிந்தது. மழை நின்ற தோட்டத்து மண் வாசனை, அதற்குப் பின்னால் புளிச்சக்கீரைப் பூவின் சிவந்த புளிப்பு. அதைத் துப்ப எனக்கு மனசு வரவில்லை. வேலை நேரத்தில் செய்யக் கூடாததைச் செய்தேன், விழுங்கினேன். நியூயார்க் பக்கத்து ஏரிக்கரையிலிருந்து ரீஸ்லிங் என்கிற வெள்ளை ஒயின் வந்திருந்தது. அதில் எலுமிச்சைத் தோலோடு லேசாக மண்ணெண்ணெய் வாடை வரும், அது அந்தத் திராட்சையின் குணம். அன்று பார்த்துக் கரண்ட் போய், கடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாடை போத்தலிலா ஜெனரேட்டரிலா என்று கண்டுபிடிக்க, மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு கிளாஸோடு தெருமுனைக்குப் போனேன். போத்தலில்தான். நடு ரோட்டில் நின்று நான் சிரித்ததை டீக்கடைக்காரர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பார்.

திறந்த போத்தலைக் குளிரில் வைத்தால்தான் மறுநாள் நிற்கும். கரண்ட் இருக்கிற இருப்பில் எங்கள் குளிர்பெட்டியும் அலமாரியும் ஒன்றுதான். அதனால் மிச்சத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோய் அன்றைக்கே எழுதி முடித்துவிடுங்கள் என்றார் சயாமா. போத்தல் கழுத்துக்குத் துணியைச் சுற்றி, இரண்டு பையில் பன்னிரண்டு அரைப் போத்தலையும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு மத்தியானம் வீடு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

மேஜையில் வரிசையாக வைத்து எழுத ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் எழுதினாலும் முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது என் பழக்கம். அப்போதுதான் பொய் இருந்தால் தெரியும். "பழம் நல்லாருக்கு, பீப்பாய் வாசனை ஏறிப்போச்சு. இன்னும் ஆறு மாசம் முன்னாடியே எடுத்திருக்கணும்." என் மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் என் வேலையை அவள் உட்கார்ந்து கேட்டதே இல்லை.

"இதை அப்படியே அனுப்புவீங்களா?"

"அப்படியேதான்."

"கோவப்பட மாட்டாங்களா?"

போன முறை ஒரு பண்ணைக்காரருக்கு இப்படித்தான் எழுதினேன், அவர் பதில் போட்டிருந்தார். அதை போனில் எடுத்து அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். புளிப்பு அதிகம் என்று எனக்கே சந்தேகம் இருந்தது, சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும் அருமை அருமை என்று சொல்லியே அந்த வருடத்தை ஓட்டிவிட்டார்கள், முதலில் சொன்னது நீங்கள்தான், நன்றி என்று எழுதியிருந்தார். அவள் ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குக் கொஞ்சம் ஊத்துங்க. எனக்குத் தண்ணிதானே, என்ன ஆகிடும்."

கலிபோர்னியாவின் பழைய கொடியில் விளைந்த கறுத்த ஜின்ஃபண்டெல்லை ஒரு வாய் ஊற்றினேன். வாங்கி, முகத்தைச் சுளிக்காமல் வாயில் வைத்தாள். கண் விரிந்தது.

"இழுக்குது" என்றாள். "நாக்கைப் பிடிச்சு இழுக்குதுங்க. பல்லுக்குப் பின்னாடி வாழைப்பூ தின்ன மாதிரி."

துவர்ப்பு. ருசி என்பதைவிட அது ஒரு பிடி, தொடுவது மாதிரி. காய்ச்சல் அதை விட்டுவைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெறும் சோற்றைக் கஞ்சியாக்கிக் குடித்து எழுந்துவிடுகிறவளுக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியும் இருக்கவில்லை. நாலு மாதத்துக்குப் பிறகு அவள் வாயில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. ஒவ்வொன்றாக ஊற்றிக் கொடுத்தேன். இது இழுக்கல, எரியுது. இது கனமா உக்காருது. இது ஒண்ணுமே பண்ணாம ஓடிப் போயிடுது. இழுப்பு, எரிப்பு, கனம், இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு பன்னிரண்டையும் அடுக்கினாள். என் குறிப்புகளோடு ஒப்பிட்டால் இரண்டு இடத்தில்தான் வித்தியாசம். அதில் ஒன்றில் அவள் சொன்னதுதான் சரி. என் பாராட்டில் ஒரு வரியை அடித்தேன்.

கன்னம் சிவந்து, சிரித்தபடியே எழுந்து அடுப்படிக்குப் போனாள். காலையில் மிஞ்சிய சாம்பாரைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு வந்தாள். சிரிப்பு இப்போது இல்லை.

"இதையும் அந்தக் காகிதத்துல எழுதுங்க."

"சாம்பாருக்கெல்லாம் எதுக்கு..."

"எழுதுங்க."

வாயில் வைத்தேன். நான் ஊற்றிய வெந்நீர், அவள் மேலும் மேலும் போட்ட உப்பு, எல்லாம் தெரிந்தது. மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகு கண்ணில் வந்தது. சரியாக இருக்கிறது என்று சொல்ல வாய் பழகியே இருந்தது. டம்ளர்கள் வரிசையாக நின்றன, அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ முன்பின் தெரியாத டிராக்டர்காரனுக்கு உண்மையை எழுதிய அதே தாளில் எழுதினேன். உப்பு இரண்டு பங்கு. காயம் கசக்கிறது. புளி பச்சையாக நிற்கிறது. இதை விற்கக் கூடாது.

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி, விரலை வைத்து நிதானமாகப் படித்தாள். அழவில்லை.

"எத்தனை நாளா?"

"காய்ச்சல் விட்டதிலேருந்து."

"வர்றவங்களுக்கெல்லாம் தெரியுமா?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன். அவள் தாளை மடித்து மேஜையில் வைத்தாள்.

"என் நாக்கைக் காய்ச்சல் கொண்டுபோச்சு. அதுக்கு நான் என்ன செய்ய முடியும். உங்க நாக்கு இருக்குன்னு நம்பித்தானே தினம் அடுப்பை மூட்டினேன். அதையும் ஏங்க என்கிட்டேருந்து எடுத்துக்கிட்டீங்க?"

அவள் பானையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

மறுநாள் விடியற்காலையில் கரண்டியை நீட்டினாள். குடித்துப் பார்த்தேன்.

"உப்பு கூட" என்றேன்.

"எவ்வளவு கூட?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும் வரை என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.