பிள்ளைகள் இல்லாத கடற்கரையில் ஏழு நாள்

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து, மெக்சிக்கோவில் ஒரு பெரிய கடற்கரை ரிசோட்டில் ஏழு நாள் தங்க டிக்கெட் எடுத்துத் தந்தார்கள். அறை, சாப்பாடு, குடிவகை எல்லாம் அதற்குள் அடக்கம். பெரியவர்களுக்கு மட்டுமான இடம் என்று மகள் சொன்னதும் எனக்கு முகம் சிவந்துவிட்டது.

"அதென்ன, கூடாத இடமோ?"

"ஐயோ அம்மா, சின்னப் பிள்ளையள் இல்லை, அவ்வளவுதான். ஜஸ்ட் ரிலாக்ஸ்!"

கூடாத இடமாக இருந்திருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஏழு நாள் இந்த மனிதரோடு தனியாக இருந்து எதைப் பற்றிக் கதைப்பது? அதுதான் என் பயம்.

எங்களுக்குள் சண்டை என்று நினைக்க வேண்டாம். சண்டை பிடிக்க நேரம் வேண்டுமே. நான் நகரத்துக்குக் கிழக்கே, விட்பியில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறேன். காலை ஏழு மணிக்கே ரூஜ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வெளிக்கிட்டுவிடுவேன். அவருக்கு நகரத்தின் மறுகோடியில், பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் மாலை வேலை. நான் வீட்டுக்கு வரும்போது அவர் நெடுஞ்சாலையில் நிற்பார். விடியப்புறம் வந்து படுப்பவரை எழுப்பாமல் நான் தேநீரைக் குடித்துவிட்டு ஓடுவேன். பிள்ளைகளை யாராவது ஒருவர் பார்க்க வேண்டும் என்று தொடங்கிய ஏற்பாடு, அவர்கள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அப்படியே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகள் கோயில், பிறந்தநாள், சாமத்தியவீடு என்று போய்விடும். அங்கேயும் அவர் ஆண்கள் மேசையில், நான் பெண்கள் மேசையில். பால் முடிந்தது, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைத் திருத்த ஆள் வருகிறான் என்பதெல்லாம் போனில் தட்டி அனுப்பும் செய்திகள்.

ரிசோட்டில் கையில் ஒரு பட்டி கட்டி, குளிர்ந்த துவாயும் பழரசமும் தந்தார்கள். கட்டிலில் துவாயை அன்னமாக மடித்து, சுற்றிவர ரோசா இதழ் தூவியிருந்தார்கள். அவர் இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசையில் குவித்துவிட்டு, "பாவம், ஆரோ கூட்டவேணும்" என்றார். பிறகு படுத்துக் குறட்டை விட்டார்.

இரண்டாம் நாளும் அதே கதைதான். கடற்கரைச் சாய்கதிரையில் அவர் தூங்கினார், நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு இடமென்றால் ஒரு குழந்தையாவது மண்ணில் விழுந்து அழும். அதைச் சாட்டி நாலு வார்த்தை பேசலாம். இங்கே அதற்கும் வழியில்லை. சுற்றிவர இருந்த சோடிகளோ காதுக்குள் குசுகுசுத்துக்கொண்டிருந்தன. மத்தியானம் பொறுக்க முடியாமல் வெடித்துவிட்டேன்.

"நித்திரை கொள்ளவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? அதை ரூஜிலையே கொண்டிருக்கலாமே!"

அவர் கண்ணைத் திறந்து, "சரி, சரி" என்றார். எனக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாள் காலை எழும்பிப் பார்த்தால் அவரைக் காணவில்லை. சாப்பாட்டு மண்டபத்தில் தலைவாரி, இஸ்திரி போட்ட சேட்டோடு இடம்பிடித்து வைத்திருந்தார். முன்னால் இரண்டு தேநீர். நான் ஒரு வாய் குடித்தேன். சீனிப்பாணிதான்.

"இதென்ன இவ்வளவு சீனி?"

"மூண்டு கரண்டி. உமக்கு அப்பிடித்தானே விருப்பம்?"

"நான் சீனி போடுறதை நிப்பாட்டி எட்டு வருசம்."

அவர் முகம் வாடிப்போனது. "எனக்குச் சொல்லேல்லையே நீர்."

"எப்ப சொல்லுறது?"

சொன்ன பிறகு பாவமாக இருந்தது. சமாதானமாக, மத்தியானம் நானே போய் ஒரு தட்டு நிறைய நண்டு அள்ளிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். நண்டென்றால் அவருக்கு உயிர். ஒவ்வொரு புதன்கிழமையும் நண்டுக் கறி வைத்து, அடுத்த நாள் வேலைக்குக் கட்டி வைப்பேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இஞ்சரும், கோவிக்கக்கூடாது. நண்டு சாப்பிட்டால் எனக்கு இப்ப உடம்பெல்லாம் கடிக்குது. அஞ்சாறு வருசமாய்."

"அப்ப நான் கட்டித்தாற நண்டு?"

"என்னோட வேலை செய்யிற ஒரு பஞ்சாபிக்காரர் சாப்பிடுவார். வியாழக்கிழமையெண்டால் பார்த்துக்கொண்டு நிப்பார். நீர் ஒரு கடையே போடலாமாம்."

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. விரல் கிழியக் கிழிய நண்டு உடைத்தவள் நான். முகம் தெரியாத ஒரு மனிதர் அதைச் சப்புக்கொட்டிச் சாப்பிட, என் புருஷன் சாண்ட்விச் தின்றிருக்கிறார்! ஏன் சொல்லவில்லை என்று கத்த வாயெடுத்தேன். காலையில் நான் சொன்ன பதில் நினைவு வந்து நிறுத்தினேன். பிறகு சிரிப்பு வந்தது; வந்தது நிற்கவில்லை. அவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். குசுகுசுச் சோடிகளெல்லாம் திரும்பிப் பார்த்தன.

எங்களுடையது படத்தைப் பார்த்து, போனில் பேசி முடித்த கல்யாணம். பெண் பார்த்தல் என்ற ஒன்றே நடக்கவில்லை. அதை இப்போது இடுப்பளவு கடலில் நின்றுகொண்டு நடத்தினோம். அவருக்குப் பூனை வளர்க்க ஆசையாம். பிறம்ரன் போகும் வழியெல்லாம் காரில் தனியாகப் பாடுவாராம். பாடிக் காட்டச் சொன்னேன். சுருதி என்பது மருந்துக்கும் இல்லை, ஆனாலும் முழுவதும் கேட்டேன். மதிய இடைவேளையில் காருக்குள் ஒளித்திருந்து டோனட் தின்பதை நான் ஒப்புக்கொண்டேன். "சீனியை நிப்பாட்டின ஆள்!" என்று தண்ணீரை அள்ளி என் முகத்தில் அடித்தார். ஐந்தாம் நாள் நீச்சல் குளத்தருகே பாட்டுப் போட்டு எல்லோரையும் ஆடக் கூப்பிட்டபோது, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதும் அவர்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கடைசி நாள் விமான நிலைய பஸ்ஸுக்காக வாசலில் பெட்டிகளோடு நின்றோம். அவர் தொண்டையைச் செருமினார்.

"திங்கக்கிழமை போய் பகல் வேலைக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேக்கப்போறன். பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் வீட்டிலைதான் நிப்பன்." என்னைப் பார்க்காமல் கேட்டார்: "உமக்குக் கரைச்சலா, உபத்திரவமா இருக்குமோ?"

ஏழு நாளை எண்ணிப் பயந்து வந்தவள் நான். இந்த மனிதரோ மிச்சமுள்ள நாட்கள் எல்லாவற்றையும் கேட்கிறார். அதுவும் நான் வேண்டாம் என்றுவிடுவேனோ என்று பயந்து பயந்து.

"கரைச்சல்தான்" என்றேன். "போய்க் கேளுங்கோ."