ஷாஜன் வீட்டு கேட்

ஜாஸ்பினுக்கு ஆகவே ஆகாத வாசகம் ஒன்று உண்டு. "ஷாஜனுக்க வீட்டுல உள்ளது மாதிரியே போதும்" என்பதுதான் அது. பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு, நாகர்கோவில் வடசேரியில் ஒரு மருந்துக்கடை மாடியில் பல வருஷமாக வீட்டு பிளான் வரைகிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் புது வீடு வேண்டும். ஆனால் அதில் புதிதாக ஒன்றும் இருந்துவிடக் கூடாது. பக்கத்துத் தெருக்காரன் போர்டிகோ, மச்சினன் வீட்டுப் படிக்கட்டு, கடைசியில் ஷாஜன் வீட்டு கேட். இரண்டு மயில்கள் தோகை விரித்து நிற்கிற கேட் அது. ஷாஜன் சவூதியிலிருந்து வந்து வீடு கட்டிய நாள் முதல், அதன் வரைபடம் பென்டிரைவில் ஏறி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

அன்றைக்கும் அவள் எரிச்சலில்தான் இருந்தாள். ராஜாக்கமங்கலம் குமாரதாஸ் காலையில் வந்து உட்கார்ந்தவர், நாற்காலியை விட்டு எழவில்லை. மகன் ஜெனோவுக்கு மறுநாள் மஸ்கட் விமானம். அவன் கிளம்புமுன் வீட்டு அனுமதிக்கு விண்ணப்பம் போயாக வேண்டும். இணையதளமோ வரைபடத்தை வாங்கவே மாட்டேன் என்கிறது. அது ஏற்பது பத்து எம்.பி.; கோப்பு அறுபது.

"எனக்க வீடு இம்புட்டுதானே மக்கா? பின்ன எதுக்கு இத்தற கனம்?"

"வீட்டுக்குக் கனமில்ல அண்ணாச்சி. உங்க மயிலுக்குத்தான் கனம்."

பொய்யில்லை. அந்த கேட்டை முதன்முதலில் யாரோ வேறொரு மென்பொருளில் வரைந்திருக்கிறார்கள். புள்ளிக்கோடு, விட்டுவிட்டுப் போகிற கோடு என்று அதன் கோட்டு வகைகள் ஆயிரக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு, கேட் போன கோப்புகளுக்கெல்லாம் கூடவே குடிபோயின. யாரைத் திட்டுவது? ஜாஸ்பின் மயில்களைத் திட்டினாள்.

சுருக்குவதற்கு மூலக் கோப்பில் மட்டும் அவள் கை வைக்க மாட்டாள். முன்பு ஒரு கல்யாண மண்டபத்தின் கோப்பை அவசரத்தில் சுருக்கப் போய், அது திறக்காமலே போயிற்று. அழுதுகொண்டே முழுவதையும் திரும்ப வரைந்தாள். அதிலிருந்து சுருக்குவது எதுவானாலும் நகலில்தான். இப்போதும் நகலை எடுத்துப் பிழை சரிபார்த்தாள். கேட்டைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இரண்டு கோடு போட்டாள். பயன்படாத கோட்டு வகைகளைத் துடைத்தாள். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மாதிரி, வரைபடம் பல லேயர்களில் இருக்கும். வேண்டாததை அணைத்து வைக்கலாம். பெயரில்லாமல் அணைந்து கிடந்த லேயர்களையும் அழித்தாள். கோப்பு இரண்டு எம்.பி.க்கு இறங்கியது.

"அனுப்பு மக்கா, அனுப்பு!"

"ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டீங்களா? பாக்காம அனுப்பிட்டு, நாளைக்கு அடுக்களைய காணலன்னு என்னத்தான் வந்து பிடிப்பீங்க."

பழைய கோப்புக்கு இன்னொரு நகல் எடுத்து, அதில் எல்லா லேயரையும் எரியவிட்டு, அனைத்தையும் சிவப்பாக்கி, புதியதை அதன்மேல் வைத்தாள். சிவப்பு எட்டிப் பார்த்தால் அங்கே ஏதோ தொலைந்திருக்கிறது என்று அர்த்தம். முன்பக்கம் மயில்கள் சிவந்து நின்றன, அது தெரிந்ததுதான். தெற்கு ஓரத்திலும் ஒரு சிவப்புப் பட்டை, ரோட்டிலிருந்து மனையின் பின்பக்கம் வரை நீண்டு கிடந்தது.

அது பின்வீட்டுக்குப் போகிற நடைவழி. அங்கே குமாரதாசின் அக்கா சொர்ணம்மாள் தனியாக இருக்கிறார். ரோட்டுக்கு வர அவருக்கு வேறு வழி கிடையாது. மனை அளந்த அன்று குமாரதாஸ் போனில் பேசிக்கொண்டு நிற்க, டேப்பின் மறுமுனையைப் பிடித்தது அந்த அம்மாதான்.

ஜாஸ்பினுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. போன மாதம் குமாரதாஸ், "பையனுக்குக் காட்டுகதுக்கு, அந்த வழிய மறச்சு மதில நேரா போட்டு ஒரு பிரிண்டு தா" என்று கேட்டிருந்தார். அவளும் வழியைப் பெயரில்லாத லேயர் ஒன்றில் தள்ளி அணைத்து வைத்தாள். இன்று குப்பையோடு குப்பையாக அதையும் அழித்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, உங்க அக்காக்க வழி போயிட்டு. இரிங்க, திரும்பப் போடுகேன்."

குமாரதாஸ் திரையைப் பார்த்தார். கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"தானா போனதுதானே மக்கா," என்றார் மெதுவாக. "நானும் களயல, நீயும் வேணும்னு களயல. கெடக்கட்டு. அப்படியே அனுப்பு."

போன மாதத்துப் பிரிண்ட் எதற்கென்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. காலையிலிருந்து இங்கும் அங்கும் சிதறிக் கிடந்த எரிச்சலெல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றது.

"தானா ஒண்ணும் போகாது அண்ணாச்சி. நான்தான் அழிச்சேன், நான்தான் போடணும். டேப் பிடிச்சுத் தந்தவங்களுக்க வழிய அடச்சு நான் ஒரு கோடு வரய மாட்டேன். வேணும்னா வேற ஆளப் பாருங்க."

விமானம் மறுநாள், குமாரதாசுக்கு வேறு ஆளைப் பார்க்க நேரமில்லை. ஜாஸ்பின் மூலக் கோப்பிலிருந்து நடைவழியை எடுத்து வந்து வைத்து, மதிலைத் திறந்துவிட்டாள். லேயருக்கு 'சொர்ணம்மாள் வழி' என்று பெயரும் போட்டாள். கோப்பை மூடித் திறந்து பார்த்தாள். அதே இரண்டு எம்.பி.தான், அந்த வழிக்குக் கனமே இல்லை. இணையதளம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

குமாரதாஸ் எழுந்து படி வரை போனார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார்.

"அப்ப மயிலு?"

"அதக் களஞ்சாச்சு" என்றாள் ஜாஸ்பின்.