புள்ளியக்கா

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே பெரிய தாள் ஒன்றை மேசையில் விரிக்கிறார். தாள் சுருளாமல் இருக்க நான்கு மூலையிலும் கைக்கு அகப்பட்டதை வைக்கிறார். ஸ்டேப்ளர், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா. நான்காவது மூலைக்குப் பக்கத்து மேசை ஏட்டின் தொப்பி. ஏட்டு நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. தொப்பியைக் காணவில்லை என்றால் அவர் முதலில் இந்த மேசைக்குத்தான் வருவார்.

பின்னால் கணினி இருக்கிறது. ஆயிரம் தொலைபேசி அழைப்புகளை உள்ளே கொடுத்தால், யார் யாரோடு பேசினார்கள் என்று அரை நிமிடத்தில் படமாகப் போட்டுத் தரும் மென்பொருளும் அதில் இருக்கிறது. ஆனாலும் முதல் படத்தை இவர் கையால்தான் போடுவார். ஓர் எண்ணுக்கு ஒரு புள்ளி. இரண்டு எண்கள் பேசிக்கொண்டிருந்தால் நடுவே ஒரு கோடு. "மிஷின் போட்டா கண்ணு மட்டும்தான் பாக்கும். நானே போட்டா கையும் பாக்கும்" என்கிறார். காவல் நிலையத்தில் அவருக்குப் பெயர் புள்ளியக்கா. வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வயது நாற்பத்தாறு. அழைப்புப் பட்டியல்களை ஆராய்வதற்கென்று வேலைக்கு வந்தவர். சீருடை கிடையாது, துப்பாக்கி கிடையாது, ஜீப்பில் ஏறியதும் கிடையாது. இங்கே வருவதற்கு முன் பதினொரு வருடம் பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். எந்த வண்டி எங்கே போய்ப் பயணிகளை எந்த வண்டிக்குக் கைமாற்றிவிடும் என்பதுதான் அன்றைய வேலை. "இன்னைக்கும் அதே வேலைதான். அப்ப பயணிங்க, இப்ப திருடனுங்க" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிக்கிறார். சிரிக்கும்போது பென்சிலைக் காதில் செருகிக்கொள்வார். பிறகு அதைத் தேடுவார்.

கல்யாண வீடுகளில் இவரைப் பார்த்தால் உறவினர்களுக்குக் கொஞ்சம் உதறல். யார் யாரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், யார் பக்கத்தில் யார் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள் என்று இவர் கண் தானாகவே மேயும். ஒரு முறை, மாமியார் வீட்டை விற்கப்போகிறார் என்று சொந்தத்துக்குள் செய்தி பரவிவிட்டது. நாத்தனார் அழுதுகொண்டு போன் செய்தார். புள்ளியக்கா ஐந்து பேரிடம் "உங்களுக்கு யார் சொன்னா?" என்று மட்டும் கேட்டார். ஐந்து கோடுகளும் சுற்றி வளைத்து மாமியாரிடமே வந்து நின்றன. மாமியார் அசரவில்லை. "ஆமாடி, நான்தான் கிளப்பிவிட்டேன். இப்பவாவது எவன் எவன் எட்டிப் பாக்குறான்னு பாக்கத்தான்" என்றாராம். அதற்குப் பிறகு, குடும்ப விஷயத்தில் பென்சில் எடுப்பதில்லை என்று புள்ளியக்கா முடிவு செய்துவிட்டார்.

அந்த முடிவை அவராலேயே காப்பாற்ற முடியாமல் போனது சென்ற வருடம்.

ஊரில் நான்கே மாதத்தில் நாற்பத்தேழு ஸ்கூட்டர்கள் காணாமல் போயின. கையும் களவுமாக மூன்று பேர் பிடிபட்டார்கள். மூவரும் வாயைத் திறக்கவில்லை. நீதிமன்ற உத்தரவு வாங்கி, அவர்களுடைய அழைப்புப் பட்டியலைப் பெற்று, புள்ளியக்கா மேசையில் வைத்தார் இன்ஸ்பெக்டர். இவர் வரைந்த படத்தின் நடுவில் ஒரு புள்ளி கொழுத்துத் தெரிந்தது. மூன்று பேரோடும் பேசிய எண். மொத்தம் அறுபத்திரண்டு அழைப்புகள்.

"இவன்தான் பெரும்புள்ளி. காலையில தூக்கிடலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பெரிய புள்ளிதான் சார். பெரும்புள்ளியான்னு தெரியல. அவர் லிஸ்டையும் வாங்கிக் குடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் புள்ளியக்கா.

அந்தப் பட்டியல் வந்தது. எல்லா அழைப்பும் அரை நிமிடத்துக்குள் முடிந்தவை. எல்லாமே காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள். மூன்று திருடர்கள் மட்டும் அல்ல, நானூறு பேர் அவரை அழைத்திருந்தார்கள். புள்ளியக்கா இன்ஸ்பெக்டர் அறைக்குப் போய், "சார், இந்த லிஸ்ட்ல உங்க நம்பரும் ஒன்பது தடவை இருக்கு" என்றார்.

இன்ஸ்பெக்டர் எண்ணை உற்றுப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஏட்டு மட்டும் மெதுவாக அறை மூலைக்குக் கண்ணைக் காட்டினார். அங்கே குடிதண்ணீர் கேன் கவிழ்ந்து நின்றது. முதலில் சிரித்தது இன்ஸ்பெக்டர்தான். மறுநாள் காலை அந்த எண்ணுக்குரிய தண்ணீர்க் கேன்காரர் வழக்கம்போல் வந்து, புதுக் கேனைப் போட்டுவிட்டு, காலிக் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். எல்லோரும் ஏன் தன்னைப் பார்த்து இவ்வளவு மரியாதையாகச் சிரிக்கிறார்கள் என்பது அவருக்கு விளங்கவில்லை. நாலு வீட்டார் பார்க்க அவரை ஜீப்பில் ஏற்றியிருந்தால், அடுத்த நாள் அந்தத் தெருவில் யார் அவரிடம் தண்ணீர் வாங்கியிருப்பார்கள் என்று புள்ளியக்கா இன்றைக்கும் கேட்கிறார்.

பிறகு அவர் தேடியது வேறு ஒன்று. "பஸ் வேலையில ஒண்ணு கத்துக்கிட்டேன். கூட்டம் அதிகமா இருக்கிற ஸ்டாப் முக்கியம் இல்ல. எந்த ஸ்டாப்ல இறங்கி மாறினாத்தான் அந்தப் பக்கம் போக முடியுமோ, அதான் முக்கியம்." படத்தின் ஓரத்தில் நாலே நாலு கோடுகளோடு ஒரு புள்ளி இருந்தது. ஒரு பக்கம் திருடியவர்கள். மறுபக்கம், வண்டிகளுக்குப் போலிப் பதிவுச் சான்றிதழ் தருவதாக ஏற்கெனவே சந்தேகத்தில் இருந்த எண்கள். அந்தப் புள்ளியை அழித்துவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. விசாரித்தால், ஆள் வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவர். அமைதியான மனிதர், அதிகம் பேசமாட்டார் என்று தெருவே நற்சான்று கொடுத்தது.

அவருடைய அழைப்புப் பட்டியலும் வந்தது. புள்ளியக்கா ஒவ்வோர் எண்ணாகப் படத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பத்தொன்பதாவது எண். பட்டியலைப் பார்த்து ஆறு இலக்கம் எழுதியவர், மீதி நான்கைப் பார்க்காமலே எழுதிவிட்டார். எழுதிய பிறகுதான் கை நின்றது.

அது அவருடைய கணவரின் எண்.

கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துபவர். இரண்டு மாதங்களுக்கு முன் பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கியிருந்தார். காகிதமெல்லாம் சரியாக இருந்தது, வண்டியும் சல்லிசாகக் கிடைத்தது. சீட் கவர் கடைக்காரர்தான் ஆள் பிடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, காவல் நிலைய வாசல் வரை கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசல் காவலருக்கு ஒரு கையசைப்பும் கொடுத்துவிட்டுப் போவார். திருட்டு வண்டி நாள் தவறாமல் போலீஸ் வாசலில் நின்றுவிட்டுப் போயிருக்கிறது.

"போனைக் கையில எடுத்துட்டேன்" என்கிறார் புள்ளியக்கா. "அப்புறம் வச்சிட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு மனசுல எதுவும் நிக்காது. நேரா அந்தக் கடைக்குப் போயி, ஏம்ப்பா இப்படிப் பண்ணிட்டேன்னு சண்டை போடுவாரு. அவன் அன்னைக்கே கம்பி நீட்டிடுவான்."

படத்தைச் சுருட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனார். விஷயத்தைக் கேட்ட இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். "வாங்கினவங்க நாப்பது பேரு இருப்பாங்க மேடம். விவரம் தெரியாம வாங்கினவருதானே. இந்த ஒரு புள்ளி இல்லைன்னா கேஸ் ஒண்ணும் விழுந்துடாது."

"நாப்பதுல ஒண்ணை நானே எடுத்துட்டேன்னா, மீதி முப்பத்தொன்பதை யாரு சார் நம்புவா? இந்த லிஸ்டை இனிமே வேற யாராவது பாக்கட்டும். அவரை விசாரிக்கறப்ப நான் அந்த ரூம்ல இருக்க மாட்டேன்."

சீட் கவர் கடையில் மறுநாள் காலை சோதனை என்று முடிவாயிற்று. அதுவரை வீட்டில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அன்று மாலை கணவர் வழக்கம்போல் வந்தார். புள்ளியக்கா அதே வண்டியில், அதே இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"ஏன் இன்னைக்கு கம்முனு வர்ற?"

"தலை வலிக்குது."

இதைக் கேட்டதும் கணவர் மேடு பள்ளம் பார்த்து, வண்டியை உருட்டாத குறையாக ஓட்டினார். வழியில் நிறுத்தி மாத்திரை வாங்கிக் கொடுத்தார். அந்த அரை மணி நேரம்தான் தன் உத்தியோக வாழ்க்கையிலேயே கஷ்டமான அரை மணி நேரம் என்கிறார் புள்ளியக்கா.

மறுநாள் வாசலில் இறக்கிவிட்டுக் கிளம்பப் போனவரை ஏட்டு வந்து, "அண்ணே, கொஞ்சம் உள்ள வந்துட்டுப் போறீங்களா?" என்று அழைத்தார். டீ குடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு அவரும் உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது முகம் சுண்டியிருந்தது. நடைபாதை பெஞ்சில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்கு நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் பின்னாடி உக்காந்து வந்தியா?"

"ஆமாங்க."

கணவர் மனைவி பக்கம் திரும்பினார். "அப்ப தலைவலி பொய்யா?"

"இல்ல. அது நெசம்."

அவர் தலையாட்டிக்கொண்டார். பிறகு, "மாத்திரை கேட்டுச்சா?" என்றார்.

இந்த வழக்கில் போலிச் சான்றிதழ் அச்சடித்தவன் யார் என்பது மட்டும் பிடிபடாமலே இருந்தது. அவன் பயன்படுத்திய எண்கள் எல்லாம் வேறு யார் யார் பெயரிலோ வாங்கியவை. சீட் கவர் கடையில் வைத்து அவனை நேரில் பார்த்தவர்களில் ஒருவருக்கும் முகம் நினைவில்லை. புள்ளியக்காவின் கணவருக்கும் முகம் நினைவில்லை. ஆனால் கண்ணாடி நினைவிருந்தது. "நல்ல பவர் சார். வலது கண்ணு மைனஸ் ஏழுக்குக் குறையாது. லென்ஸை ரெண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டிருக்கான் எவனோ. அந்த ஆளு தலையைச் சாய்ச்சுத்தான் படிப்பாரு. அச்சு வேலை செய்யறவரு மாதிரி நகத்துல மை." இதைச் சொன்ன இரண்டாம் நாள், தலையைச் சாய்த்து எழுத்துப் பிழை திருத்திக்கொண்டிருந்த அச்சகக்காரர் ஒருவரைக் காவலர்கள் கண்டுபிடித்தார்கள். முப்பத்தோரு வண்டிகள் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. "எஞ்சின் நம்பரைப் பாக்காம கண்ணாடி நம்பரைப் பாத்திருக்காரு உங்க வீட்டுக்காரரு" என்று இன்ஸ்பெக்டர் புள்ளியக்காவைக் கேலி செய்தார்.

இவர்கள் வீட்டு வண்டிக்குச் சொந்தக்காரி ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். வண்டியை வாங்கிப்போக வந்த நாளில், கணவர் லீவு போட்டுவிட்டு வந்து, வண்டியைத் துடைத்து வைத்துக்கொண்டு நின்றார். "காலையில முதல் தடவை ஸ்டார்ட் ஆகாதுங்க. ரெண்டு உதை விட்டு, கொஞ்சம் சும்மா விட்டு, அப்புறம் உதைக்கணும்" என்று செய்து காட்டினார்.

"தெரியும்ங்க" என்றார் அந்தப் பெண். "என் வண்டிதானே."

இப்போது கணவனும் மனைவியும் பேருந்தில் வருகிறார்கள். எங்கே இறங்கி எதில் மாறினால் உட்கார இடம் கிடைக்கும் என்று புள்ளியக்காவுக்குத் தெரியும். கணவர் பத்திரிகை படித்துக்கொண்டே பின்னால் நடப்பார்.

பேசி முடித்துக் கிளம்பும்போது, அந்தப் படத்தை ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டேன். "வழக்கு இன்னும் நடக்குதே" என்று யோசித்தவர், எழுந்து போய், இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்து, அலமாரியைத் திறந்து தன் கைப்பிரதியை எடுத்தார். எனக்கு முதுகு காட்டியபடி மேசையில் விரித்தார். வெள்ளைத் தாள்களால் பெரும்பகுதியை மூடினார். மூட முடியாமல் எஞ்சிய இடத்தின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் அகலமாகப் பரப்பி வைத்துக்கொண்டு, "இப்ப வாங்க" என்றார். அவருடைய இரண்டு கட்டை விரல்களுக்கும் நடுவே, பார்க்கும்படியாக, ஒரே ஒரு புள்ளி இருந்தது. அதன் கீழே அவர் கையெழுத்தில் 'என் கணவர்' என்று எழுதியிருந்தது.