தாடி வைத்த கங்கை

பத்தாம் வகுப்போடு நின்றுபோன சமையல்காரன் ரோம் நகரத்துச் சதுக்கத்தைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன் நான். ஆனால் எங்கள் டூர் தலைவருக்கு ஸ்ரீரங்கத்தில் 'யாத்திரைச் செம்மல்' என்று பட்டம் கொடுக்கப்போகிறார்களாம். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஆபீஸ் வைத்து, நம் ஊர் ஆட்களைச் சமையல்காரனோடு ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகிறவர் அவர். எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லமாட்டார். செத்துப்போன கணவருக்காகக் காசியில் முழுக்குப் போட வேண்டும் என்று முசிறியிலிருந்து ஒரு அம்மா விசாரிக்க வந்தார். "காசி எங்கம்மா ஓடிடப்போவுது? ரோம்லயே கங்கை இருக்கு, வாங்க" என்று அவரை ரோமுக்குச் சேர்த்துவிட்டார் தலைவர்.

கங்கை இருந்தது உண்மைதான். சதுக்கத்தின் நடுவில், பெரிய தேவாலயத்துக்கு எதிரே, ஒரு நீரூற்று. அதன் பாறையில் நான்கு நதிகளுக்காக நான்கு கல் மனிதர்கள் சாய்ந்திருந்தார்கள். துடுப்பு வைத்திருந்தவரைக் காட்டி, கங்கை என்றார் தலைவர்.

"கங்கைக்குத் தாடி எப்போ முளைச்சுது?" என்றாள் ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தி.

"குளிர் தேசம் மாமி" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

முசிறி அம்மா சிரிக்கவில்லை. "இதுல முழுக்குப் போடலாங்களா?"

"தாராளமா போடுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு, தடுப்பைத் தாண்டி, புடவையோடு இறங்கி, கணவர் பெயரைச் சொல்லி மூன்று முறை முழுகினார். விசில் ஊதிக்கொண்டு போலீஸார் வந்து பாஸ்போர்ட் கேட்டார்கள். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் தலைவரின் தோள்பையில் இருந்தது. அம்மா அவரைக் கைகாட்டினார். அவரோ, இவரை எனக்குத் தெரியாது என்று போலீஸிடம் கையை விரித்துவிட்டு, தேவாலயப் படியில் நின்று கோபுரத்தைப் போட்டோ எடுக்கத் தொடங்கினார். மற்றவர்களும் அவர் பின்னாலேயே போய்க் கோபுரத்தைப் பார்த்தார்கள். திருடனுக்குக்கூடக் கூட்டாளியை விட்டு ஓட ஒரு நிமிஷம் பிடிக்கும்.

"ஐயா, அந்த அம்மா பாஸ்போர்ட்..." என்றேன்.

"உன் வேலை சாம்பார். அதைப் பாரு."

பையை அவர் தோளிலிருந்து உருவிக்கொண்டு போனேன். போலீஸார் பாஸ்போர்ட்டைப் பார்த்து, எதையோ எழுதிக்கொண்டு, அம்மாவைத் திட்டி அனுப்பினார்கள்.

ஈரம் சொட்ட நடந்துகொண்டே அவர் கேட்டார்: "தம்பி, அது கங்கை இல்லதானே?"

கையில் எடுத்து வந்திருந்த அவர் செருப்பைக் குனிந்து காலடியில் வைத்தேன்.

மறுநாள் காலை வெண்பொங்கல் செய்தேன். அந்த அம்மா சாப்பிடவில்லை. தலைவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மிளகு போதாது என்றார்.