மூடி தினமும்

வாஷியில் ஓர் ஆபீஸின் நாலாவது மாடியைத் துடைத்து முடித்து, சாப்பாட்டு டப்பாவைத் திறக்க உட்கார்ந்த நேரத்தில்தான் ஆவுடையம்மாளின் செல்போனுக்கு அந்தப் படம் வந்தது. அனுப்பியவள் ஷாலினி, அவளுடைய தம்பி மகள். செம்பூரில் குடியிருக்கிறாள். படத்தில் ஷாலினி வீட்டுச் சமையல் மேடை. கேஸ் அடுப்புக்கு ஒரு சாண் தள்ளி ஒரு கண்ணாடி பாட்டில், அதற்குள் சாத்துக்குடித் தோல். பாட்டிலின் கழுத்தைச் சுற்றிப் பழுப்பு நிறப் பார்சல் டேப், நாலைந்து சுற்றாவது இருக்கும். மேடைக்கு நேர் கீழே, தரையில், ஷாலினியின் இரண்டு வயது மகன் நகுல் கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தான். கூடவே ஒரு குரல் செய்தி. "அத்தை, தேக்கோ, பாருங்க. நீங்க சொன்ன மாதிரியே கரெக்டா பாத்துக்குறேன்."

ஆவுடையம்மாள் டப்பாவைத் தள்ளி வைத்தாள். அந்தப் பாட்டிலைக் கொடுத்தது அவள்தான். கொடுத்துப் பதினோரு நாள் ஆகிறது. தினம் ஒருமுறை மூடியைத் திறந்து, உள்ளே சேருகிற காற்றை வெளியே விடவேண்டிய பாட்டில் அது. அதைப் போய் டேப் போட்டு இறுக்கி வைத்திருக்கிறாள் இந்தப் பெண். அதுவும் மே மாத வெயிலில், அடுப்புக்குப் பக்கத்தில், பிள்ளையின் தலைக்கு மேலே.

உடனே கூப்பிட்டாள். போன் அணைந்திருந்தது. மதியம் நகுலைத் தூங்கவைக்கும்போது ஷாலினி போனை அணைத்துவிடுவாள், இரண்டு மணி நேரத்துக்கு அதை எழுப்ப முடியாது. ஷாலினியின் புருஷன் ஹரி கூரியர் கம்பெனி வேலையாகப் பிவண்டியில் இருந்தான். ஆவுடையம்மாள் போனில் பதறிக்கொண்டு சொன்னதைக் கேட்டு, தோல் தண்ணியாவது வெடிக்கிறதாவது என்று முதலில் சிரித்தான். பிறகு அவனும் சிரிப்பை நிறுத்திவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள் லீவுக்கு ஊருக்குப் போயிருக்கிறார்களாம், கீழ்வீடு காலியாம். சொல்லி அனுப்ப ஒரு ஆள் இல்லை.

"நீங்க போயிடுங்க அத்தை. எனக்கு இங்கேருந்து ரெண்டு மணி நேரம் ஆகும்" என்றான்.

கூட வேலை பார்க்கும் சஃப்ரீனிடம் மாப்பைக் கொடுத்துவிட்டு, சூப்பர்வைசரிடம் சொல்லாமலே அவள் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

அவள் தாராவிக்கு வந்து முப்பது வருஷம். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்து வந்தவள். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பத்துக்குப் பத்தில் கோலி என்கிற ஒற்றை அறை வீடு, அதற்கு மேலே தகரக்கூரை, அந்தக் கூரையின் விளிம்பில் எண்ணெய் டின்னிலும் பெயிண்ட் வாளியிலும் அவளுடைய தோட்டம்: கத்தரி, கறிவேப்பிலை, பிரண்டை, கற்பூரவல்லி. அரிசி கழுவிய தண்ணீர் கத்தரிக்கு, மீன் கழுவியது கறிவேப்பிலைக்கு. கிழிந்த நைட்டி முதலில் தலையணை உறை ஆகும், அப்புறம் கால்மிதி, அதற்கும் அப்புறம் கரித்துணி. இப்படி வாழ்வதற்கு இன்றைக்குப் பெரிய பெரிய பேர் வைத்துப் பத்திரிகையில் படம் போடுகிறார்கள். ஆவுடையம்மாளுக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது. தூரப் போட மனசு வராது, அவ்வளவுதான்.

தோல் தண்ணீர் மட்டும் சிக்கனத்தில் பிறந்ததில்லை, அது ஒரு விபத்தில் பிறந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால், இதே ஆபீஸின் கக்கூஸில், கறை போகவில்லையே என்று இரண்டு பாட்டில் திரவத்தை ஒன்றாக ஊற்றித் தேய்த்தாள். குப்பென்று ஒரு புகை கிளம்பி அவள் தொண்டையைப் பிடித்தது. கை இரண்டும் வெந்து தோல் உரிந்தது. ஒரு மாதம் இருமினாள். இரண்டையும் கலக்கக்கூடாது என்று பாட்டிலில் இங்கிலீஷிலும் இந்தியிலும் போட்டிருந்ததாம். அவள் படித்தது அஞ்சாம் வகுப்பு, அதுவும் தமிழ். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சூப்பர்வைசர் கேட்டான், "லிக்கா தா நா?" எழுதியிருந்தது இல்லையா, என்று. வெந்த கை ஆறிவிட்டது. அந்தக் கேள்வி ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் சஃப்ரீன் இந்த வழியைச் சொல்லிக்கொடுத்தாள். வெல்லம் ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. மூன்று மாதம் ஊறினால் வடிகட்டித் தரை துடைக்கலாம், சிங்க் கழுவலாம், சக்கையைச் செடிக்குப் போடலாம். குர்லா ஸ்டேஷன் வாசல் ஜூஸ் கடையில் தோல் சும்மா கிடைத்தது. வெல்லத்துக்கு மூட்டையின் அடித்தூள் போதும். ஒரே ஒரு நிபந்தனை, முதல் மாதம் முழுக்கத் தினமும் மூடியைத் திறந்துவிட வேண்டும். முதல் தடவை ஆவுடையம்மாள் இரண்டு நாள் மறந்துபோனாள். பிளாஸ்டிக் கேனின் மூடி பறந்துபோய்த் தகரக்கூரையில் மோதிய சத்தத்தில் சந்து முழுக்கச் சிலிண்டர் வெடித்துவிட்டது என்று வெளியே ஓடியது. இதுவே கண்ணாடியாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பயந்து, அன்றிலிருந்து கண்ணாடியில் அவள் போடுவதே இல்லை.

பிறகு ஏன் ஷாலினிக்குக் கண்ணாடியில் போட்டாள்? ஷாலினி கேட்டாள், அதனால் போட்டாள். பினாயில் வாசனைக்கு நகுலுக்கு இழுப்பு வருகிறது, உங்கள் தண்ணீர் கொடுங்கள் அத்தை, ஆனால் பிளாஸ்டிக் வேண்டாம், பூமிக்குக் கெடுதல் என்றாள். அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருத்திகூட அவளிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஸ்குவாஷ் பாட்டிலைத் தேடிப் பிடித்துக் கழுவி, ஒரு கைப்பிடி வெல்லத்தையும் கூடுதலாகப் போட்டு, தன் கையாலேயே எழுதிச் சீட்டும் ஒட்டினாள். கொண்டுபோன ஞாயிற்றுக்கிழமை ஷாலினி பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலிலேயே ஹரியிடம் கொடுத்து, எல்லாம் எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

ரயில் பாலத்தின் நடுவில் நின்றது. லேடீஸ் பெட்டியில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருத்தி வெள்ளரிப்பிஞ்சு நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆவுடையம்மாள் கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே சேற்றுத் தண்ணீரையே பார்த்தாள். மூடி நெளிந்திருக்குமா? பிள்ளை விழித்திருப்பானா? ஷாலினி டீ போட அடுப்பைப் பற்றவைத்திருப்பாளா? வெல்லம் கூடினால் காற்றும் கூடும். கூடுதலாகப் போட்ட அந்தக் கைப்பிடி வெல்லம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. பாசத்தைக் காட்ட வேறு இடமே கிடைக்கவில்லையா உனக்கு என்று தன்னையே ஏசினாள்.

பயம் முற்றினால் மனசு தப்பிக்க வழி தேடும். அவள் மனசும் தேடியது. ஏதாவது ஆகிவிட்டால் தம்பி கேட்பான், ஹரி கேட்பான். நான் என்ன செய்ய, எழுதித்தானே ஒட்டியிருந்தேன் என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் தடவை சொல்லும்போதுதான் அது யாருடைய வார்த்தை என்று தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவும் மருந்து நாற்றமும் அப்படியே வந்து முன்னால் நின்றன. போன வருஷம் ஒரு கல்யாணப் பத்திரிகையை நீட்டி, படித்துச் சொல்லுங்கள் அத்தை, எனக்குத் தமிழ் வராது என்று ஷாலினி சிரித்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவளுக்குத் தமிழ் வராது என்று தெரிந்தேதான் ஆவுடையம்மாள் எழுதி ஒட்டியிருக்கிறாள். வெட்கம் பயத்தைவிட மோசமாக இருந்தது.

மான்குர்ட், கோவண்டி, செம்பூர். ஆட்டோவிலிருந்து இறங்கி மூன்று மாடி ஏறும்போது தொண்டையில் பழைய இருமல் பிடித்தது. கதவைத் தட்டினால் பிள்ளை எழுந்து ஓடிவருவானே என்று ஒரு கணம் தயங்கினாள். தட்டாமல் எப்படி? தட்டினாள்.

தூக்கக் கலக்கத்தோடு ஷாலினி திறந்தாள். உள்ளே நகுல் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். பாட்டில் அதே இடத்தில் இருந்தது. மூடியின் நடு புடைத்திருந்தது.

"ஏட்டி, பிள்ளையத் தூக்கிட்டுக் கீழ போ. ஒண்ணும் கேக்காத, போ."

அந்தக் குரலை ஷாலினி அதுவரை கேட்டதில்லை. கேள்வி கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஆவுடையம்மாள் கட்டில் விரிப்பை உருவித் தண்ணீரில் முக்கி, நாலாக மடித்துப் பாட்டிலின் மேல் போட்டாள். போர்வையையும் அதற்கு மேல் சுற்றினாள். முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு, துணிக்குள் கையை விட்டு டேப்பின் நுனியைத் தேடினாள். வெந்து ஆறிய விரலில் பாதிக்கு உணர்ச்சி கிடையாது. நுனி அகப்படவே இல்லை. இசக்கியம்மா, இசக்கியம்மா என்று வாய் முனகியது. அகப்பட்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஐந்து சுற்று. பிறகு மூடியை நெல்லளவு திருப்பினாள்.

புஸ்ஸென்று சீறியது. நுரை துணியை நனைத்து, மேடையில் வழிந்து, அவள் சேலையெல்லாம் புளித்த சாத்துக்குடி வாசனை. சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கிய பிறகும் அவள் பாட்டிலைக் கட்டிப்பிடித்தபடியே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

ஷாலினி மேலே வந்து பார்த்ததும் விஷயம் புரிந்தது. முகம் வெளுத்துப்போயிற்று. பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினாள். 'மூடி தினமும் ஒருதரம் திறந்துவிடவும்' என்று அதில் எழுதியிருந்தது.

"நான் படிச்சேன் அத்தை" என்றாள். "ஒவ்வொரு எழுத்தா கூட்டிக் கூட்டி. முதல்ல மூடி, அப்புறம் தினமும். அதுக்கப்புறம் இருக்கறது பெரிய வார்த்தை, வரல. டெய்லி மூடித்தான் வெக்கணும்னு நினைச்சேன். டெய்லி டைட் பண்ணேன். சைடுல லீக் ஆச்சு, அதான் ரெண்டு நாள் முன்னாடி ஹரியோட டேப் போட்டேன்." குரல் உடைந்தது. "முதல் தடவை நானே தமிழ் படிச்சேன். அதான் போட்டோ அனுப்புனேன்."

எழுதித்தானே ஒட்டியிருந்தேன் என்று ரயிலில் சொல்லிப் பார்த்த அந்த வார்த்தை ஆவுடையம்மாளின் நாக்கு நுனி வரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"சரியாத்தாம்ட்டி படிச்சிருக்கே" என்றாள். "அது மூடிதான். அடுத்தது தினமும்தான். நான்தான் வாயால சொல்லாமப் போயிட்டேன்."

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டாள். விழித்துக்கொண்ட நகுல் தரையில் கிடந்த கரண்டியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

இப்போது ஷாலினி வீட்டில் இருப்பது பிளாஸ்டிக் கேன்தான், ஜூஸ் கடைக்காரர் தூரப் போட இருந்தது. பூமி பொறுத்துக்கொள்ளட்டும் என்று ஆவுடையம்மாள் சொல்லிவிட்டாள். கேனில் சீட்டு எதுவும் இல்லை. தினமும் காலை ஏழு மணிக்கு, குர்லாவில் வாஷி ரயிலுக்கு நிற்கும்போது, அவள் ஷாலினிக்குப் போன் செய்கிறாள். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். "திற" என்பாள். கூட்டத்தின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறுமுனையில் அந்தப் புஸ் சத்தம் கேட்கும்வரை, வந்த ரயிலை விட்டாலும் விடுவாள், போனை வைக்க மாட்டாள்.