க்ளெனிஸ் திருத்திய நாலாவது கேள்வி

இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் பஸ் டிப்போவில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களைப் பாதுகாத்து வைக்கும் அறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் க்ளெனிஸ் ஹார்ட்டில். அவளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தபோது வயது நாற்பத்தொன்பது. அதுவரை ஊரில் அவளுக்கு இருந்த பெயர், ‘அவ ஒரு மாதிரி.’

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருடங்களைப் பற்றி யாராவது கேட்டால் இப்போதும் அவள் முகம் இளகிவிடும்.

தொடக்கம் ஒரு தபால். ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் மனச்சோர்வைப் பற்றி லீட்ஸில் ஓர் ஆராய்ச்சிக் குழு அனுப்பிய கேள்வித்தாள். நாலாவது கேள்வி: ‘கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் மனம் கனத்துப் போயிருந்தீர்கள்?’ க்ளெனிஸ் எந்தக் கட்டத்திலும் குறி போடவில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: ‘பத்து நிமிடம் கனத்தால் அது ஒரு நாள் கணக்கா? கனத்திருப்பது எனக்கு எப்படித் தெரியும்?’ இப்படியே பின்பக்கம் வரைக்கும் போயிற்று.

மூன்றாம் வாரம் ராசலிண்ட் த்வெய்ட் என்ற ஆராய்ச்சியாளரிடமிருந்து கடிதம் வந்தது. திட்டப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் பிரித்தாள். ‘உங்கள் குறிப்புகளைப் பத்து முறை படித்தேன். பதில் சொல்பவராக வேண்டாம், எங்களோடு சேர்ந்து கேள்விகளை எழுதுபவராக வருவீர்களா?’ என்று இருந்தது.

கூட வேலை பார்த்த பெர்னார்ட் சும்மா இருப்பாரா? “யூனிவர்சிட்டிலயே கூப்பிட்டுட்டாங்க! இனிமே எங்ககூடல்லாம் பேசுவியா, கண்ணு?”

“இப்பவே அவ்வளவா பேசறதில்லையே,” என்றாள் க்ளெனிஸ். அவள் உண்மையைத்தான் சொன்னாள். பெர்னார்ட் விழுந்து விழுந்து சிரித்தார்.

கூட்டம் செவ்வாய்க்கிழமை தோறும், நூலக மாடியில். கண்ணைக் கூசவைக்கும் டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருவார்கள். என்ன பேசப்போகிறோம் என்பது ஒரு வாரம் முன்பே கடிதமாக வந்துவிடும். யாரும் அவளைக் கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லவில்லை. அங்கேதான் டெஸ்மண்ட் ஓக்கெல்லைச் சந்தித்தாள். தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவருக்கும் ஆட்டிசம். வாயால் பேச மாட்டார், சின்னக் கருவியில் தட்டச்சு செய்வார், அது உரக்கப் படிக்கும். அவர் தட்டி முடிக்கும் வரை எல்லோரும் காத்திருப்பார்கள்.

மூன்றாம் மாதம் நாலாவது கேள்விக்கு வந்தார்கள். குழுவின் தலைவர் பேராசிரியர் ஆல்ட்ரெட் மறுத்தார். “முப்பது வருஷமா இதே வார்த்தைதான். இப்ப மாத்தினா பழைய கணக்கோட ஒப்பிட முடியாதும்மா.”

“பழைய கணக்கே தப்பா இருந்தா?” என்றாள் க்ளெனிஸ். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது.

டெஸ்மண்ட் தட்ட ஆரம்பித்தார். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு கருவி படித்தது: “அம்மா செத்த வருஷம் இதே கேள்வியக் கேட்டாங்க. பூஜ்யம்னு போட்டேன். நான் அழல. ஆனா ரயில் பாக்கப் போறத நிறுத்திட்டேன். பதினோரு மாசம்.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “ரயிலப் பத்திக் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?”

“உடனே.”

அடுத்த ஐந்து செவ்வாய்க்கிழமை அந்த ஒரே வரிக்குப் போயிற்று. வார்த்தை வார்த்தையாக உடைத்துப் பார்த்தாள் க்ளெனிஸ். கடைசியில் நின்றது இது: ‘உங்களுக்குப் பிடித்த எதையாவது செய்வதை நிறுத்திவிட்டீர்களா? எதை? எப்போதிலிருந்து?’ பேராசிரியர் பழைய கேள்வியை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டும் இருக்கட்டும் என்றார். இருந்தது. பலரிடம் கொடுத்துப் பார்த்தபோது, பழையதற்குப் பூஜ்யம் போட்டவர்கள் புதியதற்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அதையெல்லாம் படித்த அன்று க்ளெனிஸ் இறங்க மறந்து பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டாள்.

கட்டுரை அச்சில் வந்தபோது, எழுதியவர்களில் மூன்றாவதாக அவள் பெயர். பெர்னார்ட் அந்தப் பக்கத்தை டிப்போ சுவரில் ஒட்டினார். “டாக்டரம்மா குடை தேடித் தருவாங்க, வரிசையில வாங்க,” என்று பயணிகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நிதி முடிந்தது, கூட்டமும் முடிந்தது. டெஸ்மண்ட் கடலோர ஊரான ஸ்கார்பரோவுக்கு, அக்கா வீட்டுக்கே போய்விட்டார். ஆனால் க்ளெனிஸ் அடிக்கடி நினைத்துக்கொள்வது அந்தக் கடைசிச் செவ்வாயைத்தான். மற்றவர்கள் கிளம்பிய பிறகு, காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த ராசலிண்ட் திடீரென்று அழ ஆரம்பித்தாள். க்ளெனிஸுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. அந்த அறையில் தெரியாததைக் கேட்கலாம் என்பது பழகியிருந்ததால் கேட்டாள்.

“நான் இப்ப பக்கத்துல உக்காரணுமா, இல்ல தள்ளிப் போகணுமா?”

“பக்கத்துல,” என்றாள் ராசலிண்ட், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

க்ளெனிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னலில் வெளிச்சம் மங்கும்வரை எழுந்திருக்கவில்லை.